சுற்றுச் சதை

வானதி இளநீரைத் தேக்கரண்டியில் எடுத்து அம்மாவின் உதட்டோரம் விட்டுக்கொண்டிருந்தாள். பாதி உள்ளே போயிற்று; மீதி கழுத்தில் வழிந்து தலையணையை நனைத்தது. துண்டால் ஒற்றிவிட்டு அடுத்த கரண்டியை எடுக்கும்போது கூடத்தில் தம்பி அரவிந்தன் போனில் பேசுவது கேட்டது.

"கட்டி வந்துச்சுன்னு ரிப்போர்ட்ல இருக்கு. கட்டியச் சுத்தியிருந்த சதை எங்க போச்சுங்க? அத மொதல்ல சொல்லுங்க."

கரண்டி அம்மாவின் பல்லில் இடித்தது. வானதி அவசரமாக இழுத்துக்கொண்டாள். நாகம்மாள் கண் திறக்கவில்லை. இரண்டு நாளாகக் கண் திறப்பதே அபூர்வமாகிவிட்டது. மூச்சு மட்டும் நின்று நின்று வந்துகொண்டிருந்தது. அது நிற்கும்போதெல்லாம் வானதி மனதுக்குள் எண்ண ஆரம்பித்தாள். நேற்றுவரை ஏழு, எட்டு எண்ணுவதற்குள் மறுபடி வந்துவிடும். இன்று காலையில் பன்னிரண்டு வரை போயிற்று.

நாகம்மாளுக்கு அறுபத்திரண்டு வயது. போன வருஷம் ஐப்பசியில் இடது மார்பில் கட்டி என்று தெரிந்து, தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அந்த மார்பையே எடுத்தார்கள். சின்னக் கட்டிதான், முழுசாக எடுத்தாயிற்று என்று டாக்டரம்மா சொன்னார். ஒரு வருஷம் முடிவதற்குள் அது முதுகெலும்புக்கும் ஈரலுக்கும் போய்விட்டது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது மார்கழி. திருவையாற்றில் புருஷனையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு, நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிறந்த வீட்டில் வானதி வந்து உட்கார்ந்து ஏழு வாரம் ஆகிறது. அரவிந்தன் அபுதாபியிலிருந்து வந்து நாலு நாள்.

வந்தவன் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க அழுதான். அத்தோடு விட்டிருந்தால் தேவலை. இரண்டாம் நாள் பீரோவைத் திறந்து ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துவிட்டான். அவன் கட்டிட இன்ஜினியர். ஒரு சுவரில் விரிசல் விட்டால் எந்தத் தேதியில் யார் பூசினார்கள் என்று துருவிக் கண்டுபிடிப்பதுதான் அவன் பிழைப்பு. ஃபைலையும் அப்படித்தான் படித்தான். ஒவ்வொரு தாளையும் போட்டோ எடுத்து, சென்னையில் புற்றுநோய் டாக்டராக இருக்கும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதனுக்கு அனுப்பினான். சிநேகிதன் நேற்று மாலை ஒரு மணி நேரம் பேசினான். அதிலிருந்து வானதி கூடத்துப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டாள்.

அரவிந்தன் போனை வைத்துவிட்டு அறை வாசலில் வந்து நின்றான். "அக்கா, இங்க வாயேன். அப்பா, நீங்களும் கேளுங்க."

துரைராசு கொல்லைப்பக்கத்துக் கதவருகே நின்றுகொண்டிருந்தார். வயலுக்குப் போய்வந்த சேறு இன்னும் கணுக்காலில் இருந்தது. பெண்டாட்டி மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார அவரால் முடியவில்லை. சம்பாக் கதிர் பழுத்துக்கொண்டிருக்கிறது, அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் காலையிலிருந்து மூன்று தடவை வரப்புக்குப் போய்வந்துவிட்டார்.

"கட்டிய மட்டும் பாத்தா பத்தாதாம்பா" என்றான் அரவிந்தன். "அதச் சுத்தியிருக்குற சதையையும் மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாப்பாங்களாம். நம்ம ஒடம்புல நோய எதிர்க்கிற அணுக்கள் அங்க வந்து நிக்குதா, இல்ல அந்த எடமே தழும்பு மாதிரி இறுகிக் கெடக்கான்னு. கட்டி சின்னதா இருந்தாலும் சுத்தியிருக்குறது சரியில்லன்னா நோய் திரும்ப வர்றதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. மாத்திரை போதுமா, கடுமையான ஊசி மருந்து போடணுமான்னு முடிவு பண்ண அதுவும் ஒதவுமாம்."

துரைராசு தலையாட்டினார். அவருக்கு இது உடனே பிடிபட்டுவிட்டது.

"கோரையப் புடுங்கிட்டா ஆச்சா? கீழ கெழங்கு எப்புடி ஓடியிருக்கு, மண்ணு எப்புடி இருக்குன்னு பாக்க வேணாமா" என்றார்.

"அதத்தான் பாக்கல. ரிப்போர்ட்லயே எழுதியிருக்கான். கட்டி மட்டும் வந்தது, சுத்தியிருந்த சதை வரல, அதனால அதப் பத்தி ஒண்ணும் சொல்றதுக்கில்லன்னு. மார முழுசா எடுத்திருக்காங்கப்பா. அப்ப மிச்சம் எங்க? குப்பையில போட்டுட்டாங்க. பாக்க எதுவும் இல்லாததால மாத்திரை போதும்னு அனுப்பிச்சுட்டாங்க."

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?" என்று வானதி கேட்டாள். குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

"விசாரிச்சுட்டுக் கூப்புடுறாங்களாம். நான் கம்ப்ளைன்ட் எழுதி வச்சுட்டேன். கலெக்டருக்கு, மெடிக்கல் கவுன்சிலுக்கு. யாரு என்னன்னு பேரு தெரிஞ்சதும் இன்னைக்கே அனுப்பிடுவேன்."

"அம்மா இப்புடிக் கெடக்கும்போது எதுக்குடா?"

"இப்ப அனுப்பலன்னா அப்புறம் அனுப்ப மாட்டேன்க்கா. என்னப் பத்தி எனக்குத் தெரியும்."

வானதி அறைக்குள் திரும்பி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இளநீர்க் கிண்ணம் கையிலேயே இருந்தது. குப்பையில் யாரும் போடவில்லை என்பது இந்த உலகத்தில் மூன்று பேருக்குத் தெரியும். ஒருத்தி கட்டிலில் கிடக்கிறாள். ஒருத்தி பத்து மணிக்கு ஸ்கூட்டரில் வருவாள். மூன்றாவது ஆள் தான்.

ஆப்பரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம், அப்பா டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், அம்மா அவள் கையைப் பிடித்து அருகே இழுத்தாள்.

"ஒங்க பெரியம்மாவுக்கு வயித்துல ஆப்பரேஷன் பண்ணுனாங்கள்ல, அப்ப ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி குப்பத்தொட்டியிலேருந்து நாய் என்னத்தையோ இழுத்துக்கிட்டு ஓடுனத நான் பாத்தேன்டி. அவ செத்தும் போயிட்டா. இன்னைக்கும் அவ நெனப்பு வந்தா அந்த நாய் நெனப்பும் வருது. என்னோடத அப்புடி விட்றாத. ஒனக்கும் தம்பிக்கும் பால் குடுத்தது. நம்ம கொல்லையில கொண்டாந்து பொதச்சுடு."

"டெஸ்ட்டுக்குக் குடுக்கணுமாம்மா."

"கட்டியக் குடு. கெட்டது அதானே. நல்ல சதை அவங்களுக்கு எதுக்கு?"

அப்பாவிடமும் தம்பியிடமும் சொல்லக்கூடாது என்றாள். ஆம்பளைகளிடம் பேசுகிற விஷயமா இது.

மறுநாள் ஆப்பரேஷன் முடிந்ததும், சுமையா என்கிற நர்ஸ் மூடி போட்ட ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவை வானதியிடம் கொடுத்தாள். பரிசோதனைக் கூடம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. உறவுக்காரர்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். "தெறக்காம அப்புடியே குடுத்துடுங்கக்கா" என்றாள் சுமையா. வானதி சரியென்று தலையாட்டிவிட்டு, மாற்றுப் புடவை எடுத்துவருவதாக அப்பாவிடம் சொல்லிப் பேருந்து ஏறினாள். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். மடியில் கூடை, கூடைக்குள் டப்பா. ஒவ்வொரு பாலத்திலும் பேருந்து குலுங்கும்போது அவள் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

தூறலில் பிறந்த வீட்டுக் கொல்லையில் யாருமில்லை. துவைக்கிற கல்லின் மேல் வாழையிலை விரித்து, கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு, புது பிளேடால் அந்தக் காரியத்தைச் செய்தாள். கட்டி கைக்குத் தனியாகத் தெரிந்தது. நெல்லிக்காய் அளவு. வானதி பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அழுகிய பாகத்தை நறுக்கிவிட்டு நல்ல காயை எடுத்துப் பழகிய கை. இங்கே நேர்மாறாகக் கெட்டதை மட்டும், நல்ல சதை துளி ஒட்டாமல் எடுத்து டப்பாவில் போட்டாள். சுத்தமாகச் செய்திருக்கிறோம் என்று அப்போது ஒரு திருப்திகூட இருந்தது. அதை நினைக்கும்போதுதான் இப்போது அவளுக்கு உடம்பு கூசியது. மிச்சத்தை மஞ்சள் துணியில் சுற்றி நாரத்தை மரத்தடியில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டிப் புதைத்தாள். மறுநாள் காலை பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர் டப்பாவைத் திறந்து பார்த்து, "இவ்வளவுதானா?" என்றார். "இவ்வளவுதான் குடுத்தாங்க" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் புரண்டது. ரிப்போர்ட் வந்த அன்று டாக்டரம்மா முகம் மாறிப்போனார். சுற்றுச் சதை இல்லாமல் எதை வைத்து முடிவு சொல்வது என்று கேட்டார். நீங்கள் கொடுத்ததைத்தான் கொடுத்தேன் மேடம் என்று வானதி மறுபடியும் சொன்னாள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். அந்தக் குளிர்ந்த அறையில், அத்தனை படித்த முகத்துக்கு எதிரே, துவைக்கிற கல்லையும் பிளேடையும் எப்படிச் சொல்வது? டாக்டரம்மா சுமையாவைக் கூப்பிட்டு வானதியின் எதிரிலேயே வாங்கு வாங்கென்று வாங்கினார். சுமையா, "முழுசா குடுத்தேன் மேடம்" என்று மட்டும் சொன்னாள். அடுத்த முறை போனபோது அவள் அங்கே இல்லை. வானதி யாரிடமும் விசாரிக்கவில்லை.

ஏழு வாரத்துக்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து, வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ் வருவார் என்று சொன்னார்கள். வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றியது சுமையா. வானதி ஓர் அடி பின்வாங்கினாள். சுமையா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, "பேஷண்ட் எங்கக்கா இருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனாள். அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு நாள் வந்தாள், இந்த வாரம் காலையும் இரவும் வந்தாள்; புண்ணைத் துடைத்தாள், வலி மருந்து கொடுத்தாள், நாகம்மாளின் தலையைச் சீவிவிட்டாள். அம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. கண்ணு, கண்ணு என்பாள். அந்த டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. அவள் திட்டியிருந்தால்கூட வானதிக்கு இத்தனை பயம் இருந்திருக்காது.

கூடத்தில் போன் அடித்தது. அரவிந்தன் எடுத்தான். "சொல்லுங்க... ஆமா... பேரு?" என்றான்.

அவன் அறைக்குள் வந்தான். வானதியைப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் ஆணியில் தொங்கிய அம்மாவின் சிகிச்சை அட்டையை எடுத்துப் படித்தான்.

"சுமையா" என்றான். "அந்த நர்ஸு பண்ணுன தப்புதானாம். அப்பவே வேலையவிட்டு நிறுத்திட்டாங்களாம். அதே பேருதான் இங்க போட்டிருக்கு. தஞ்சாவூர்ல வேல பாத்தேன்னு அன்னைக்கு எங்கிட்ட சொன்னுச்சே. ஒனக்குத் தெரியுமாக்கா அது அவதான்னு?"

வானதி அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டாள். "அம்மாவுக்கு மருந்து போடுற நேரம்டா" என்றாள். கேட்ட கேள்விக்கும் சொன்ன பதிலுக்கும் சம்பந்தமில்லை. அவன் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

நாகம்மாள் முனக ஆரம்பித்தாள். இரவு போட்ட மருந்தின் வேகம் தணியும் நேரம் அது. முதலில் சன்னமாக, தொண்டைக்குள்ளேயே வரும். பிறகு புருவம் சுருங்கும். பிறகு விரல்கள் போர்வையைப் பிராண்டும். வானதி மார்பைத் தடவிக்கொடுத்தாள். வலது பக்கம். இடது பக்கம் கை வைத்தால் வலிக்கும்.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அரவிந்தன் அட்டையோடு வெளியே போனான்.

"நில்லுங்க. உள்ள வர வேணாம்."

"என்ன சார்?"

"போன வருசம் எங்கம்மாவோட சதையக் குப்பையில போட்டுட்டு, இப்ப எங்க வீட்டுக்கே வந்து வைத்தியம் பாக்குறீங்களா? எப்புடிங்க மனசு வந்துச்சு?"

வானதி எழுந்துவிட்டாள். அறைக் கதவுக்கும் வாசலுக்கும் நடுவில் பதினைந்தடி கூடம். அதைத் தாண்ட அவளுக்குக் கால் வரவில்லை. பின்னால் அம்மாவின் முனகல் கூடிக்கொண்டிருந்தது.

"நான் முழுசாத்தான் சார் குடுத்தேன்" என்றாள் சுமையா.

"யாருகிட்ட?"

"வாங்கிட்டுப் போனவங்ககிட்ட."

"வாங்கிட்டுப் போனது எங்கக்கா. அப்ப எங்கக்கா பொய் சொல்றாளா?"

சுமையா அறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "சார், அம்மா சத்தம் இங்க கேக்குது. மொதல்ல மருந்து குடுத்துடுறேன். அப்புறம் எவ்வளவு வேணா பேசுங்க" என்றாள்.

"நீங்க தொட வேணாம். வேற நர்ஸ அனுப்பச் சொல்றேன்."

"வேற ஆள் இல்ல சார். இந்த மருந்து எங்கிட்டதான் இருக்கும்."

அரவிந்தன் நிலைப்படியில் இரண்டு கையையும் ஊன்றி மறித்து நின்றான். சின்ன வயதில் அக்காவிடம் கோபித்துக்கொண்டாலும் அவன் அப்படித்தான் நிற்பான். துரைராசு கொல்லையிலிருந்து ஓடிவந்து, என்ன செய்வதென்று தெரியாமல் துண்டைப் பிசைந்துகொண்டு நின்றார். அறைக்குள் அம்மா, "ஏ..." என்றாள். பேரைச் சொல்ல வந்து முடியாமல் நின்ற சத்தம் அது.

"அவங்கள உள்ள விடுறா" என்றாள் வானதி. "தப்பு அவங்க மேல இல்ல. நாந்தான் வெட்டுனேன்."

அரவிந்தன் திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் புரியவில்லை.

"டப்பா முழுசாத்தான் வந்துச்சு. நான் வீட்டுக்குக் கொண்டாந்து கட்டிய மட்டும் வெட்டி எடுத்தேன். அதத்தான் டெஸ்ட்டுக்குக் குடுத்தேன். கேட்டப்ப இவ்வளவுதான் குடுத்தாங்கன்னு சொன்னேன். அம்மாதான் கேட்டுச்சு, நாய் இழுக்க விட்றாத, நம்ம கொல்லையில பொதச்சுடுன்னு. கெட்டது கட்டிதானே, நல்ல சதைய வச்சு என்ன பாக்கப் போறாங்கன்னு நெனச்சேன். எனக்குத் தெரியலடா. சத்தியமா தெரியல. தெரிஞ்சதுக்கப்புறம் சொல்லத் தைரியம் வரல."

நிலைப்படியிலிருந்து அவன் கைகள் இறங்கின. சுமையா பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவர்களுக்கு நடுவே புகுந்து உள்ளே போனாள். எதிர்வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வாசல் கேட் அருகே வந்து நின்றார்கள்.

"எங்க?" என்றான் அரவிந்தன்.

"நாரத்தை மரத்தடியில."

"அவ ஒங்கிட்ட சொன்னாளா?" என்று துரைராசு கேட்டார். "எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே பாப்பா. நாப்பது வருசம்." அவர் கோபப்படவில்லை. அதுதான் வானதியை அழவைத்தது. அவள் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அரவிந்தன் வாசல் தூணில் சாய்ந்து தெருவைப் பார்த்தபடி நின்றான். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. முனகல் நின்றிருந்தது. மருந்து வேலை செய்கிறது என்று வானதி நினைத்தாள்.

"அக்கா" என்று சுமையா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "எல்லாரும் உள்ள வாங்க."

அவர்கள் போனபோது நாகம்மாளின் கை சுமையாவின் கைக்குள் இருந்தது. வானதி வழக்கம்போல எண்ண ஆரம்பித்தாள். இருபது வரை எண்ணினாள். முப்பது வரை எண்ணினாள். சுமையா குனிந்து, திறந்திருந்த கண்களை மெதுவாக மூடிவிட்டாள்.

"இப்பதான்" என்றாள். "வலி இல்ல. மருந்து எறங்கிடுச்சு."

பெற்ற பிள்ளைகள் இரண்டு பேர், தாலி கட்டிய புருஷன், மூன்று பேரும் பதினைந்தடி தூரத்தில் அவள் உடம்பைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அவள் போய்விட்டாள். வானதிக்கு அதைத் தாங்க முடியவில்லை. நான் பேசியது அம்மாவுக்குக் கேட்டிருக்குமா என்று சுமையாவிடம் கேட்க வேண்டும்போல இருந்தது. சொல்லாதே என்று சொன்னவள் ஆயிற்றே. அதற்குள் துரைராசு பெரிதாகக் குரலெடுத்து அழ ஆரம்பித்துவிட்டார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஜனங்கள் வந்தார்கள். பந்தல்காரர் வந்தார். நாகம்மாளின் தங்கை, இவர்களுக்குச் சின்னம்மா, கீழ்வேளூரிலிருந்து கார் பிடித்து வருவதாகப் போன் வந்தது. கொல்லையில் ஒரு பெரிய பானையில் யாரோ வெந்நீர் போட்டிருந்தார்கள். அரவிந்தன் நாற்காலி, ஐஸ் பெட்டி, மேளம் என்று ஒவ்வொன்றுக்கும் போன் செய்துகொண்டு முற்றத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தான். வானதி எதிரே வந்தபோது ஒதுங்கி வழிவிட்டான்.

சுமையா கிளம்பவில்லை. நாகம்மாளின் புண்ணுக்குப் புதிதாகக் கட்டுப் போட்டாள். கை காலை நேராக்கினாள். பதிவேட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டு, பையை மாட்டியபடி வானதியின் அருகில் வந்து தயங்கி நின்றாள்.

"அக்கா, இன்னைக்குக் கேக்கக் கூடாது. எனக்குத் தெரியும்" என்றாள். "ஆனா நாளைக்கு நீங்க மனசு மாறிடுவீங்களோன்னு பயமா இருக்கு. இங்க எனக்குக் காண்ட்ராக்ட் வேலைதான். நிரந்தரம் பண்றதுக்குப் பழைய ஆஸ்பத்திரி சர்ட்டிபிகேட் கேக்குறாங்க. அவங்க குடுக்க மாட்டேங்குறாங்க. நீங்க வாசல்ல சொன்னத ஒரு பேப்பர்ல எழுதித் தருவீங்களா?"

வானதி அவளையே பார்த்தாள். ஏழு வாரம் இந்தப் பெண் மனதுக்குள் இதை வைத்துக்கொண்டுதான் அம்மாவின் புண்ணைத் துடைத்திருக்கிறாள். ஒரு நாள்கூட அவள் கையில் கடுமை தெரிந்ததில்லை.

"அப்பவே ஏன் கேக்கல?"

"அம்மா இருக்கும்போது கேட்டா, மருந்துக்கு வெல பேசுற மாதிரி இருக்கும்லக்கா."

வானதி சமையலறைக்குப் போனாள். அங்கேதான் ஆளில்லை. தன் மகன் எப்போதோ விட்டுப்போன கட்டுரை நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, அம்மி மேடையில் வைத்து எழுதினாள். தேதி போட்டாள். எனது தாயார் நாகம்மாளுக்கு அறுவை சிகிச்சை செய்து எடுத்ததைச் செவிலியர் சுமையா முழுமையாக என்னிடம் ஒப்படைத்தார் என்று எழுதினாள். அடுத்த வரியில் பேனா நின்றது. வெளியே மேளக்காரர்கள் வந்து இறங்கும் சத்தம் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கட்டியைச் சுற்றியிருந்த சதையை நான் வெட்டி எடுத்து எங்கள் கொல்லையில் புதைத்துவிட்டு, கட்டியை மட்டும் பரிசோதனைக்குக் கொடுத்தேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள்.

நிமிர்ந்தபோது அரவிந்தன் கதவருகே நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ. அருகே வந்து தாளை எடுத்துப் படித்தான். அவள் கையிலிருந்த பேனாவை வாங்கினான். கீழே 'சாட்சி' என்று எழுதித் தன் பேரைப் போட்டான். தாளை அவளிடம் கொடுக்காமல் சுமையாவிடம் நேரே கொண்டுபோய்க் கொடுத்தான். "மன்னிச்சுக்குங்க" என்றான். வானதியைப் பார்க்காமல் பந்தல்காரரிடம் போய்விட்டான்.

சுமையா தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். வானதி அவளோடு ஸ்கூட்டர் வரைக்கும் போனாள். ஒரு கேள்வி காலையிலிருந்து அவள் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து என்ன, ஒரு வருஷமாக. கேட்டால் வரும் பதிலுக்குப் பயந்தே கேட்காமல் இருந்தாள்.

"சிஸ்டர், அந்தச் சதை இருந்திருந்தா எங்கம்மா பொழச்சிருக்குமா?"

சுமையா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். ஆறுதலாக எதையாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை.

"தெரியலக்கா" என்றாள். "அதச் சொல்றதுக்குத்தான் அது வேணும்னு கேட்டாங்க."

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்வரை வானதி அங்கேயே நின்றாள். பிழைத்திருக்கும் என்றும் இனி யாரும் சொல்ல முடியாது. பிழைத்திருக்காது என்றும் சொல்ல முடியாது. மண்ணுக்குள் போய் மண்ணாகி ஒரு வருஷம் ஆகிவிட்டது.

"வானதி, எங்கடி இருக்க? குளிப்பாட்டணும் வா" என்று சின்னம்மா கொல்லையிலிருந்து கூப்பிட்டாள். அவள் வந்ததே வானதிக்குத் தெரியவில்லை.

தென்னங்கீற்றால் மறைப்புக் கட்டி, பெஞ்சில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் சுற்றி நின்றார்கள். சுமங்கலியாகப் போனவள் என்று ஒருத்தி மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தாள். சின்னம்மா பம்பில் ஒரு குடம் தண்ணீர் பிடித்துவந்து தூக்கினாள்.

"பச்சத் தண்ணி வேணாம் சின்னம்மா" என்றாள் வானதி. "மார்கழிப் பனி. அம்மாவுக்கு ஆவாது."

சின்னம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குடத்தைக் கீழே வைத்தாள். வானதி பானையிலிருந்து வெந்நீரை மொண்டு வந்து அண்டாவில் ஊற்றினாள். குடத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கலந்தாள். மணிக்கட்டை உள்ளே விட்டுப் பார்த்தாள். சூடு சற்று அதிகமாகத் தோன்றியது. இன்னும் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றி, மறுபடி கையை விட்டுப் பார்த்தாள்.